‘அழகாய் நட’ என்று எழுதியவர்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘வாசகம்’ என்றுதான் கூப்பிடுவோம். சிறுவர்களுக்கான விளையாட்டு ஷூ செய்யும் நிறுவனம் எங்களுடையது. பெட்டியின் மேல், சுவரொட்டியின் மேல், கடை வாசலில் தொங்கும் அட்டையின் மேல் என்று எழுத வேண்டியது நிறைய இருந்தது. அதையெல்லாம் எழுதியவர் அவர். எழுதியதைப் படத்தோடு பொருத்திப் பக்கமாக அமைத்தவன் நான். அடுத்தடுத்த மேசை. அவருடைய இருமலை வைத்தே மணி என்ன என்று சொல்லிவிடும் அளவுக்குப் பழக்கம்.

ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் ஒரு பென்சில். எந்த வரியையும் எழுதுவதற்கு முன் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். “வாயில உக்காரணும்பா. உக்காரலேன்னா காகிதத்துலயும் உக்காராது” என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையின் கணவர் திடீரென்று இறந்தபோது தங்கையையும் நாலு வயது மகளையும் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். தங்கைக்குத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. இரண்டாவது மாடியில் இரண்டு அறைகள், ஒரு சின்ன சமையலறை. அந்தக் குழந்தை படியிறங்கினால் கட்டடம் முழுக்கத் தெரியும். கீழ்வீட்டுக்காரர் சலித்துக்கொண்டு வைத்த பெயர்தான் ‘தடதட’. அதுவே வீட்டுப் பெயராகவும் ஆகிவிட்டது.

தினமும் சாயங்காலம் வாசகம் வாசல் கேட்டில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தடதட தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி வரை ஓடித் தொட்டுவிட்டுத் திரும்பி வருவாள். மறுநாள் அலுவலகத்துக்கு வந்ததும் எனக்கு முதல் செய்தி அதுதான். “நேத்து ரெண்டு செகண்டு குறைச்சிட்டாப்பா.” ஏதோ அவரே ஓடியதுபோல் முகம் பூரித்திருக்கும்.

அப்போதெல்லாம் எங்களிடம் ஒரே வகை ஷூதான். சிவப்பு, நீலம், பச்சை. பெட்டியின் மேல் அளவு எண் மட்டும் இருக்கும். ஆண், பெண் என்று ஒன்றும் கிடையாது. தடதட பச்சை போட்டிருந்தாள்.

அவளுக்குப் பத்து வயது நடந்தபோது புது விற்பனை மேலாளர் வந்து சேர்ந்தார். முதல் கூட்டத்திலேயே வெள்ளைப் பலகையில் நடுவில் ஒரு கோடு கிழித்தார்.

“ஒரு வீட்ல அண்ணன், தங்கச்சி. அண்ணனுக்குக் கால் வளர்ந்துட்டா அவன் ஷூ தங்கச்சிக்குப் போயிடுது. நம்ம ஷூ சீக்கிரத்துல கிழியறதும் இல்ல. அப்போ ரெண்டு விக்க வேண்டிய வீட்ல நாம ஒண்ணுதான் விக்கறோம்.”

“அதுக்கு என்ன சார் பண்ண முடியும்?” என்று கேட்டார் தயாரிப்புப் பிரிவு ஃபோர்மேன்.

“அண்ணன் ஷூவைப் போட தங்கச்சிக்குக் கூச்சமா இருக்கணும். அக்கா ஷூவைப் போட தம்பிக்கு வெக்கமா இருக்கணும். அவ்வளவுதான்.”

எல்லோரும் சிரித்தோம். வாசகமும் சிரித்தார், நானும் சிரித்தேன். எங்களுக்கு அதில் தப்பாக எதுவும் படவில்லை. ஆள் கெட்டிக்காரர் என்றுதான் பேசிக்கொண்டோம்.

பையன்களுக்கு ஒரு வரி, பெண்களுக்கு ஒரு வரி வேண்டும் என்று வாசகத்திடம் சொன்னார்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எழுதிவிட்டார். பையனுக்கு ‘பாய்ந்து வா!’ பெண்ணுக்கு ‘அழகாய் நட!’ இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். உட்கார்ந்தது. மேலாளர் மேசையைத் தட்டி, “சார், இதான் சார்!” என்றார். அன்று முழுக்க வாசகத்தின் நடையே மாறியிருந்தது. நானும் என் பங்குக்குக் கைவரிசையைக் காட்டினேன். பையன் வரியைச் சாய்த்து, காற்றில் போவது மாதிரி அமைத்தேன். பெண் வரியைச் சுருள்சுருளாக அமைத்து, ‘ய்’ மேல் இருக்கும் புள்ளிக்குப் பதில் ஒரு பூவை வைத்தேன். அந்தப் பூ என் யோசனைதான், வேறு யாரும் சொல்லவில்லை.

படம் எடுக்கும் நாளன்று, வர வேண்டிய பெண் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. புகைப்படக்காரர் கையைப் பிசைந்தார். வாசகம்தான், “என் தங்கச்சி பொண்ணு இருக்கா, கூட்டிட்டு வரவா?” என்றார். அரை மணியில் தடதட வந்துவிட்டாள். தலையை இழுத்துப் பின்னியிருந்தாள். முழங்காலில் பழைய காயத்தின் வடு. வந்ததும் அறையின் நீளத்தைக் கண்ணாலேயே அளந்தாள்.

பையன் யாரென்றால், மொத்த வியாபாரி ஒருவரின் மகன். நல்ல பிள்ளை, ஆனால் குதிக்கப் பயம். ஒரு மேசையின் மேல் ஏற்றி, கீழே மெத்தை போட்டு, பின்னாலிருந்து இருவர் தள்ளிவிட்டுத்தான் அந்தப் ‘பாய்ந்து வா’ படத்தை எடுத்தோம். பதினேழு தடவை தள்ளினார்கள். அத்தனை தடவையும் தடதட சுவரோரம் நின்று, குதிகாலை உயர்த்தி உயர்த்தித் தயாராகிக்கொண்டிருந்தாள்.

அவள் முறை வந்தபோது ஒரு வெள்ளைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முழங்கால்களை ஒட்டி வைக்கச் சொன்னார்கள். கையை ஷூவின் மேலிருந்த ரிப்பன் பூவில் வைக்கச் சொன்னார்கள்.

“மாமா, நான் எப்ப ஓடணும்?”

“ஓட வேணாம்டா. உக்காந்து சிரி, போதும்.”

“நான் அவனைவிட வேகமா ஓடுவேன் மாமா.”

“எனக்குத் தெரியாதா? ஆனா இது படம்தானேம்மா.”

அவள் சிரித்தாள். முதல் எடுப்பிலேயே படம் பிரமாதமாக வந்துவிட்டது. சன்மானமாக அந்தப் பெண் ஷூவிலேயே மூன்று ஜோடி கொடுத்து அனுப்பினோம்.

ஒரு மாதத்தில் ஊரெங்கும் அந்தப் படம்தான். பேருந்தின் முதுகில், கடைக் கண்ணாடியில், பள்ளிக்கு எதிரே இருந்த பெரிய பலகையில். வாசகத்தின் தங்கை தபால் நிலையத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாராம். விற்பனையும் மேலாளர் சொன்னபடியே ஏறியது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் ஃபோர்மேன் எங்கள் மேசைக்கு வந்தார். இரண்டு கையிலும் ஒவ்வொரு ஷூ. இரண்டையும் கவிழ்த்துப் போட்டார்.

“தடவிப் பாருங்க.”

பையன் ஷூவின் அடியில் வழக்கம்போல் பல் பல்லாக இருந்தது. பெண் ஷூவின் அடி நனைந்த சோப்புக் கட்டி மாதிரி வழுவழுவென்று இருந்தது.

“மேல பூவும் பளபளப்பும் வெக்கச் சொன்னாங்க. விலை மட்டும் ஏறக் கூடாதாம். அப்போ எங்கயாவது குறைச்சாகணுமில்ல? பொண்ணுங்க எங்க ஓடப் போகுதுங்க, அடியில குறைச்சுக்கோன்னுட்டாங்க.”

“ஓடப் போறதில்லன்னு யாரு சொன்னா?” என்று வாசகம் சட்டென்று கேட்டார்.

ஃபோர்மேன் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுச் சொன்னார். “நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க, அழகாய் நடன்னு.”

வாசகம் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். நான் பாதியில் விட்ட பக்கத்தை அமைக்கத் திரும்பினேன். ஃபோர்மேன் ஷூக்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதம் பள்ளிகளுக்கிடையே ஓட்டப்பந்தயம். தடதடவின் பச்சை ஷூ அதற்குள் கடிக்க ஆரம்பித்துவிட்டது. “மாமா, எனக்கு அந்தப் பையன் ஷூ ஒண்ணு வாங்கித் தாங்களேன்” என்று கேட்டிருக்கிறாள். “ஐயோ, போஸ்டர்ல இருக்கறதே நீதானே! நீயே அதைப் போடலேன்னா ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க?” என்று இவர் சொல்லியிருக்கிறார். ஷூவின் அடியைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிற்காலத்தில் நூறு தடவையாவது என்னிடம் கேட்டிருப்பார், நான்தான் பதில் வைத்திருப்பதுபோல. சொன்னால் குழந்தை வருத்தப்படுமே என்று இருந்திருக்கலாம். தன் வரிக்குக் கிடைத்த பெயருக்கு ஒரு கீறல் விழுமே என்றும் இருந்திருக்கலாம்.

பந்தயத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். புழுதி அடங்குவதற்காகக் காலையில் மைதானத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஒரு முழுச் சுற்று ஓட வேண்டும். விசில் ஊதியதும் தடதட எடுத்த ஓட்டத்தைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாதித் தூரத்தில் மற்றவர்களைவிடப் பத்தடி முன்னால் இருந்தாள். வாசகம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “வா, வா, வா” என்று முணுமுணுத்தார். வளைவில் திரும்பும்போது அவள் வலது கால் வழுக்கியது. எண்ணெயில் மிதித்ததுபோல் கால் தனியாகப் போனது. பக்கவாட்டில் விழுந்தாள். மற்ற பெண்கள் தாண்டி ஓடினார்கள்.

முதலில் ஒரு பையன் கத்தினான், “அழகாய் நட!” அப்புறம் ஒரு வரிசையே கத்தியது. “அழகாய் நட! அழகாய் நட!” ஆசிரியர்கள்கூடச் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். சுவரொட்டிப் பெண் விழுந்துவிட்டாளே, அந்த வேடிக்கை.

அவள் எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். மீதித் தூரத்தை ஓடவில்லை, நடந்தே வந்தாள். அவ்வளவு தூரமும் அந்தக் கூச்சல் கூடவே வந்தது.

கயிற்றருகே வந்ததும், “காலைத் தப்பா வெச்சுட்டேன் மாமா” என்றாள்.

நான் வாசகத்தைப் பார்த்தேன். வாய் திறந்தார். “பரவால்ல விடும்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார்.

அடுத்த வருடம் அவள் பெயர் கொடுக்கவில்லை. அன்றைக்கு வயிற்றுவலி என்றாள். அதற்கு அடுத்த வருடம் பரீட்சை என்றாள். சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி வரை ஓடுவதும் நின்றது. கேட்டில் கொஞ்ச நாள் கடிகாரத்தோடு நின்று பார்த்துவிட்டு இவரும் நிறுத்திக்கொண்டார். “பொண்ணு வளந்துட்டா, அடக்கம் வந்துடுச்சு” என்று தங்கை சந்தோஷப்பட்டார். இவரால் அதில் சேர்ந்துகொள்ள முடியவில்லை. ‘தடதட’ என்று கூப்பிடுவதையும் யாரும் சொல்லாமலே எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அந்த வரியோ தன்னால் பரவிக்கொண்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு தாய், குதித்துக்கொண்டு வந்த மகளின் தோளை அழுத்தி, “ஏய், அழகாய் நட” என்று சொன்னதை அவரே கேட்டார். ஒரு பள்ளி, மாணவிகள் வரும் படிக்கட்டின் ஓரத்திலேயே அதை எழுதி வைத்திருந்தது. பந்து விளையாடிய பெண்களைப் பக்கத்து வீட்டுக் கிழவர் அதே வார்த்தையால் விரட்டினார். ஷூ வாங்காதவர்களுக்கும் வாக்கியம் போய்ச் சேர்ந்துவிட்டது. “எழுதினது நான். திருப்பி வாங்கிக்க வழி இல்லையேப்பா” என்றார் ஒருநாள்.

வழி தேடாமல் இல்லை. மேலாளரிடம் போய், பெண் ஷூவுக்கும் அடியில் பல் வைக்க வேண்டும் என்றார். “ஒரு புகார்கூட வரலையே சார்” என்றார் மேலாளர். எப்படி வரும்? விழுந்த பெண்கள் எல்லோரும் தாங்கள்தான் காலைத் தப்பாக வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். அடுத்த பருவத்துப் பெட்டிக்கு ‘ஓடு!’ என்று ஒற்றை வார்த்தை எழுதிக் கொடுத்தார். கோடு போட்டு அடித்துவிட்டார்கள். ஒவ்வொரு பருவமும் எழுதினார். ஒவ்வொரு பருவமும் அடித்தார்கள். அதன் பிறகு அவர் எழுதிய எந்த வரியும் பழைய வரி அளவுக்கு எடுபடவில்லை. ஏழு வருடம் கழித்து, இரண்டு மூன்று கடைக்காரர்கள் முறையிட்டபோதுதான் பெண் ஷூவுக்குப் பல் திரும்பியது. வரி மட்டும் போகவில்லை. நன்றாக விற்கிற வரியை யார் எடுப்பார்கள்?

அவர் ஓய்வு பெற்ற அன்று மாலை மரியாதையெல்லாம் நடந்தது. எல்லோரும் கூடி ஒரு பரிசு கொடுத்தார்கள். காகிதத்தைப் பிரித்தால், கண்ணாடி போட்ட அந்தப் பழைய சுவரொட்டி. பெஞ்சில் தடதட, ரிப்பன் பூவின் மேல் கை, கீழே அந்த வரி. கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. அவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். தூக்கி எறியவும் முடியாது, குழந்தையின் முகம். மாட்டவும் முடியாது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே முகம் உள்ளே பார்க்கச் செருகி வைத்துவிட்டதாக மறுவாரம் சொன்னார்.

நாலு வருடம் கழித்து நிறுவனம் கை மாறியது. புதியவர்கள் எல்லாவற்றையும் மாற்றினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஷூ, ஒரே பெட்டி, ஒரே அலமாரி. வேலையை முறையாகத்தான் செய்தார்கள். விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு இளம்பெண் வாசகத்தின் வீடு தேடி வந்தாள். அன்று நானும் அங்கே இருந்தேன்.

“சார், அந்தப் பழைய போஸ்டரை ஒரு பக்கம் போடறோம். அதுல இருந்த பாப்பா இப்ப பெரியவங்களா ஓடற மாதிரி இன்னொரு பக்கம். நாங்க மாறிட்டோம்னு சொல்ற மாதிரி இருக்கும். அவங்ககிட்ட நீங்க கேட்டுச் சொல்றீங்களா?”

தடதடவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுப்பவள். ஊசி குத்தியது தெரியாது என்று நோயாளிகள் அவளைத் தேடி வருவார்கள். கல்யாணமாகி நகரத்தின் அடுத்த கோடியில் இருந்தாள். வாசகம் அவளுடைய உணவு இடைவேளையில் போய்ப் பார்த்தார். மருத்துவமனைத் தாழ்வாரப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். விஷயத்தைக் கேட்டு அவள் முதலில் சிரித்தாளாம்.

“இப்பவாவது ஓட விடறாங்களா? எனக்கு மூட்டு வலிக்குது மாமா.”

அப்போதுதான் அவர் சொன்னார். இத்தனை வருடம் கழித்து ஏன் அந்தப் பெஞ்சில், கையில் பாதி ரொட்டியோடு அவள் உட்கார்ந்திருந்தபோது சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. “அன்னிக்கு நீ விழுந்தது உன் தப்பு இல்லம்மா. அந்த ஷூவுக்கு அடியில பிடிமானமே கிடையாது. எனக்கு முன்னாடியே தெரியும்.”

அவள் ரொட்டியை மடித்து டப்பாவில் வைத்தாள்.

“எப்போலேருந்து தெரியும்?”

“பந்தயத்துக்கு ஒரு மாசம் முன்னாடி.”

“அப்போ நான் காலைத் தப்பா வெக்கல.”

“இல்லம்மா.”

டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். பிறகு மெதுவாகத்தான் பேசினாள். “இருபத்திரண்டு வருஷமா நான்தான் தப்பா வெச்சேன்னு நினைச்சிட்டிருக்கேன் மாமா. எதுல கொஞ்சம் முன்னாடி போனாலும், இப்ப விழுந்துருவேன், எல்லாரும் சிரிப்பாங்கன்னு தோணும். இங்க தலைமைப் பொறுப்புக்குப் பரீட்சை எழுதச் சொல்லி மூணு தடவை கூப்பிட்டாங்க. நான் போகல. போஸ்டர் எல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல. உக்காந்து சிரின்னு சொன்னீங்க, சிரிச்சேன். ஆனா கயித்துக்கிட்ட வந்து நின்னேனே, அப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் கைகளைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விளம்பரத்துக்கு முடியாது என்று மறுநாள் அவளே தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அவர்கள் வேறு யாரையோ வைத்து எடுத்தார்கள். நன்றாகவே வந்தது. விற்பனையும் நன்றாக இருந்ததாகக் கேள்வி. ஒருநாள் நாங்கள் இருவரும் ஒரு கடைக்குள் போய்ப் புது ஷூவை எடுத்துப் பார்த்தோம். வாசகம் அதைக் கவிழ்த்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். “நல்லாத்தான் செஞ்சிருக்காங்க” என்றார். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “இப்படிச் செய்யுங்கன்னு சொல்ல ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காதுப்பா, அன்னிக்கே” என்றார்.

நான்கு மாதம் அவள் மாமா வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றதும் வந்தாள். அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். மாமாவின் இருமலுக்கு எந்த மருந்து, எத்தனை வேளை என்று கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனாள். அதன்பின் மாதம் ஒருமுறை வருகிறாள். பேசுகிறார்கள், ஆனால் அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று வாசகம் ஆறேழு தடவை உட்கார்ந்து பார்த்தார். ஒரு வரிக்கு மேல் போகவில்லை, அந்த வரியையும் கிழித்துப் போட்டுவிட்டார்.

போன மாதம் அவள் வந்திருந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவள் கிளம்பும்போது கூடவே படியிறங்கிப் போனேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழே வந்ததும் சொல்லிவிட்டேன். “ஃபோர்மேன் அந்த ஷூவைக் காட்டினப்போ நானும் பக்கத்துல இருந்தேம்மா. மைதானத்துலயும் இருந்தேன்.”

“தெரியும் அங்கிள். நீங்களும் நின்னுட்டிருந்தீங்க. நான் பாத்தேன்” என்றாள்.

பேருந்து நிறுத்தம் வரை இருவரும் நடந்தோம். அவளுடைய பேருந்து வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.